கட்டிலில் கட்டிய ஸ்ப்ரிங்

நவம்பர் 17, திங்கள்

இன்று நான் சொல்லாதது: அந்த அம்மாவின் வலது காலில் வலு இருக்கிறது.

சொல்லியிருக்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லத்தான் என்னை அழைத்திருந்தார்கள். வடவள்ளியைத் தாண்டி, பாக்குத் தோப்புக்கு நடுவே மாடி வீடு. வீட்டுக்காரர் தெய்வசிகாமணி, பம்ப் ஃபவுண்டரி நடத்துகிறவர். அவர் மனைவி கோகிலவாணி மூன்று வருடங்களுக்கு முன் மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர். அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்திருக்கிறது. எக்ஸ்ரேக்களைப் பார்த்தேன், எலும்பு கூடியிருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு அவர் நடக்கவில்லை என்கிறார்கள்.

"வாங்க டீச்சர், மொதல்ல காப்பி குடிங்க. நம்ம ஊட்டுல வெறும் வயித்தோட யாரும் வேலை செய்யக் கூடாதுங்க" என்றார் தெய்வசிகாமணி. மெல்லிய குரல். மாடிக்குக் கூட்டிப்போய், கட்டிலில் படுத்திருந்த மனைவியைத் தானே தூக்கி உட்கார வைத்தார். முதுகுக்குப் பின் தலையணையைச் செருகிய விதத்தில் நல்ல பழக்கம் தெரிந்தது. "மூணு வருசமா நாந்தானுங்க இவளுக்குக் காலு. எந்த வேலைக்காரியையும் தொட வுடறதில்ல."

சமையல் செய்யும் மாராக்கா வாசலில் நின்று, "எங்க ஐயன் மாதிரி இந்த லோகத்துல யாரு பாப்பாங்க அம்மிணி" என்றார்.

உள்ளங்காலில் என் கையை வைத்துத் தள்ளச் சொன்னேன். தள்ளினார். என் தோள் பின்னால் போகும் அளவுக்கு. அடுத்த கணம் இரண்டு விரலால் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். முகம் கூரையைப் பார்த்தபடி அப்படியே இருந்தது.

"எப்படிங்க டீச்சர், ஏதாச்சும் தேறுமா?" என்றார் கணவர், கதவில் சாய்ந்தபடி.

"பார்க்கலாம் சார்" என்றேன்.

நவம்பர் 20

எங்கள் ஸ்டூடியோ ரேஸ்கோர்ஸில் இருக்கிறது. நாலு பக்கமும் கண்ணாடி, காதைக் கிழிக்கும் பாட்டு. பைலேட்ஸ் என்ற உடற்பயிற்சியைக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது, கல்யாணத்துக்குள் இடுப்பு இறங்குமா என்பதுதான். நானும் இறங்கும் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொடுக்க வேறு யாரும் சம்மதிக்காததால் ஸ்டூடியோ நடத்தும் வினோதா மேடம் என்னை அனுப்பினார்.

பயிற்சிக் காலத்தில் படித்தது நினைவுக்கு வருகிறது. முதல் உலகப்போரில் எதிரி நாட்டான் என்று ஒரு முகாமில் அடைக்கப்பட்டிருந்த, பைலேட்ஸைத் தொடங்கிய மனிதர், அங்கே எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர்களின் கட்டிலில் ஸ்ப்ரிங்குகளைக் கட்டி, படுத்தபடியே கைகால்களை இழுக்க வைத்தாராம். ஸ்டூடியோவில் நாங்கள் வழுக்கிப் பழகும் அந்த விலையுயர்ந்த மேடை, அந்தக் கட்டிலின் பேத்தி. இது அடைபட்டவர்களுக்காக, படுக்கையில் கிடப்பவர்களுக்காகப் பிறந்தது. இடுப்பளவு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை ஸ்ப்ரிங்குகளை எடுத்துப்போகப் போகிறேன்.

நவம்பர் 24

கட்டிலில் கொக்கி மாட்டும் வேலையைத் தெய்வசிகாமணியே செய்தார். டிரில்லும் ஸ்பேனரும் கொண்டு வந்து, தேக்குக் கட்டிலின் நாலு தூண்களிலும் அளவெடுத்துத் துளை போட்டார். ஒவ்வொரு கொக்கியையும் தன் முழு எடையால் இழுத்துப் பார்த்தார்.

"இது அந்து போவாதுங்க டீச்சர். நா மாட்டுனது எதுவும் வுட்டுப் போவாது."

மனைவியின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, "என்ன கோகிலா, ஊஞ்சலாட்டமா இருக்குதா?" என்று சிரித்தார். கோகிலவாணியும் சிரித்தார். அவருடைய விலாவில் என் கை இருந்தது. சிரிக்கும்போது அங்கே மூச்சு ஓடவில்லை.

டிசம்பர் 1

அந்த வீட்டில் செருப்பு அடுக்கும் அலமாரி பெரியது. இன்று கவனித்தேன். அதில் பெண்கள் செருப்பு ஒன்றுகூட இல்லை. மாராக்காவின் செருப்பு வெளியே, படிக்கட்டில்.

டிசம்பர் 8

வகுப்பு நடக்கும்போது அறைக்கதவு திறந்திருக்க வேண்டும் என்பது தெய்வசிகாமணியின் விதி. கீழே கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். தாள் திரும்பும் சத்தம் மாடிக்குக் கேட்கும். தாள் திரும்பாமல் இருந்தால் அதுவும் கேட்கும்.

நான் உரக்க மூச்சுக்குக் குரல் கொடுக்கிறேன்: "உள்ளே... ஒன்று, இரண்டு, மூன்று..." வெளியே விடும் மூச்சில் கோகிலவாணி பேசுகிறார். அப்படித்தான் இன்று முதல்முறை பேசினார்.

"உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்தாங்க கண்ணு. ஒரு பையன், ஒரு மலையாளத்துப் புள்ள. நா எந்திரிச்சு நின்ன மறுநாளே ரெண்டு பேரையும் நிறுத்திட்டாரு."

"உள்ளே... ஒன்று, இரண்டு..."

"நின்னன்னைக்கு அழுதாரு. காலப் புடிச்சுட்டு அழுதாரு. இனி நா உனக்கு வேண்டாமாயிருவனான்னு கேட்டாரு. அடுத்த வாரம் மறுபடி வுழுந்தேன்."

"எங்கே?"

"அதே படி."

"வழுக்கிவிட்டதா?"

அவர் மூச்சு முழுவதையும் வெளியே விட்டார். "எண்ணறத நிறுத்திட்டீங்க டீச்சர்" என்றார்.

கீழே தாள் திரும்பவில்லை. நான் நான்கிலிருந்து தொடங்கினேன்.

டிசம்பர் 9

யாரிடம் சொல்வது? சொன்னால் என்னவென்று சொல்வது? காட்டுவதற்கு உடம்பில் ஒரு காயம்கூட இல்லை. அன்பான கணவர் என்று ஊரே சொல்கிறது. கோகிலவாணியின் தம்பி வந்தபோதுகூட, அக்கா கணவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனாராம். படித்துக்கொண்டிருந்த நாவலில் மூன்று பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

டிசம்பர் 16, மார்கழி ஒன்று

பழனி பாதயாத்திரைக்குத் தெய்வசிகாமணி மாலை போட்டுவிட்டார். பச்சை வேட்டி, கழுத்தில் துளசி மணி. அவர்தான் அந்தக் குழுவின் குருசாமி. தைப்பூசத்துக்கு நாலு நாள் முன்னால் அவர் வீட்டிலிருந்துதான் எல்லோரும் புறப்படுவார்களாம். "இவ காலுக்கோசரம் வேண்டிக்கிட்டதுங்க. வருசா வருசம் நடக்கறேன். முருகன் கண்ணத் தொறக்கோணுமல்லோ" என்றார்.

மாலை போட்டவர் மனைவியைத் தொடக் கூடாது. கீழே பாயில் படுக்கை. தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் இனி மாராக்கா. மாராக்கா மத்தியானம் நன்றாகத் தூங்குகிறவர்.

கோகிலவாணி இன்று இரண்டு மூச்சில் சொன்னார்: "அவுரு நடக்கப் போனா நாலு நாளு. அதுக்குள்ள நா இந்தக் கேட்டத் தாண்டோணும். படி எறங்கக் கத்துக்குடுங்க டீச்சர். ஏற வேண்டாம்."

டிசம்பர் 29

நின்றார். எதையும் பிடிக்காமல்.

சத்தம் வரக் கூடாது என்பதால் எல்லாமே மெதுவாக நடக்கிறது. கொக்கிகளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டோம். குதிகால், பாதத்தின் வெளி ஓரம், பெருவிரல் என்று வரிசையாக எடையை இறக்க வேண்டும், தரைக்குத் தெரியாமல். ஸ்டூடியோவில் இதை நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். ஒருவரும் இப்படிச் செய்ததில்லை. அவர்களுக்கு அது ஒரு நளினம். கால் தரையில் படும் ஓசையைக் கீழே ஒருவர் கேட்டுவிடுவார் என்ற பயத்தோடு யாரும் பயின்றதில்லை. முகாமில் படுத்திருந்தவர்களுக்கு ஒருவேளை தெரிந்திருக்கும்.

மத்தியான மாத்திரையை இப்போதெல்லாம் விழுங்குவதில்லையாம். நாக்குக்கு அடியில் வைத்திருந்து, மாராக்கா போனதும் துப்பிவிடுகிறார். என்ன மாத்திரை என்று கேட்டேன். "தூக்கம் வர்றது" என்றார்.

ஜனவரி 5

என் ஃபோனைக் கேட்டார். அவருடையது கணவரிடம் இருக்கிறது, "கை நடுங்குது, கீழ போட்டுருவா" என்று. தன் அக்காவிடம் பேசினார். நான் உரக்க எண்ணிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. "போன தடவ நா வந்தப்ப கதவே தொறக்கல சாமி. பெரியவங்க அத்தன பேரும் அவுரு பக்கம் பேசுனாங்க. நீ வெளிய மட்டும் வந்துரு. மிச்சத்த நா பாத்துக்கறேன்."

ஜனவரி 12

வினோதா மேடம் கூப்பிட்டார். "மிருது, வடவள்ளி கேஸ் ரெண்டு மாசமாச்சு. ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்ல. முன்னேற்றம் இல்லன்னு எழுதற. அப்புறம் எதுக்கு அவ்ளோ தூரம்? அடுத்த வாரம் நிறுத்திக்கலாம். இங்க பேட்ச் ஃபுல்லா ஓடுது."

அடுத்த வாரம் நிறுத்தினால் படி இறங்கும் பயிற்சி பாதியில் நிற்கும்.

"முன்னேற்றம் இருக்கிறது மேடம்" என்றேன்.

"எங்க?"

என்னிடம் ஒரு வீடியோ இருந்தது. தன் கால் நடப்பதைத் தானே பார்க்க வேண்டும் என்று கோகிலவாணி கேட்டதால் எடுத்தது. கட்டிலிலிருந்து ஜன்னல்வரை ஆறேழு அடிகள். காட்டினேன்.

மேடம் இரண்டு முறை பார்த்தார். கண் கலங்கியது. "இதத்தான்டி ஒரிஜினல்னு சொல்றது. இதுக்குத்தான் நானும் இந்த வேலைக்கு வந்தேன். மறந்தே போச்சு" என்றார்.

யாருக்கும் தெரிய வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜனவரி 15, பொங்கல்

வகுப்பு இல்லை. வீட்டில் அம்மா கரும்பு ஒடித்துக் கொடுத்து, "ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஜனவரி 19, திங்கள்

தெய்வசிகாமணி வாசலிலேயே நின்றிருந்தார். பச்சை வேட்டி, கையில் ஃபோன்.

"டீச்சர், நீங்க சொல்லவே இல்லீங்களே."

அந்த வீடியோ. ஜன்னலை நோக்கி அந்த ஆறேழு அடிகள். அதை முடியும் இடத்திலிருந்து மறுபடி முதலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டே பேசினார். "உங்க மேடம் பொங்கலன்னைக்கு அனுப்புனாங்க. வாழ்த்துக்கள்னு போட்டு. எத்தன தடவ பாத்தேன்னு எனக்கே தெரியல. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுங்களா?" கண்ணில் உண்மையாகவே நீர் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாடிக்கு அவரும் வந்தார். கட்டில் தூண்களில் கொக்கிகள் இல்லை. துளைகளில் மெழுகு அடைத்திருந்தது. ஸ்ப்ரிங்குகளைப் பேப்பரில் சுற்றி, நூல் கட்டி, எனக்காக வைத்திருந்தார்.

"இனி நானே பாத்துக்கறேனுங்க. தேறி வர்ற நேரத்துல இவள வுட்டுட்டுப் போக மனசு வருமா? இந்த வருசம் நா நடக்கல. சாமிகள அனுப்பி வச்சுட்டு மாலையக் கழட்டிருவேன். அப்புறம் எப்பவும் போல."

கோகிலவாணி கட்டிலில் சாய்ந்திருந்தார். எப்பவும் போல என்றபோது அவர் காலின் பெருவிரல் மடங்கியது. என்னைப் பார்த்து, "வழியனுப்புற அன்னைக்கு நீங்களும் வாங்க டீச்சர். நாப்பது அம்பது பேரு வருவாங்க. சாப்பாடு நல்லா இருக்கும்" என்றார்.

"ஆமாங்க, கட்டாயம் வாங்க" என்றார் கணவர்.

ஜனவரி 20

"பணம் கட்டறவருக்குத் தெரிய வேண்டாமா? மனுஷன் எவ்ளோ சந்தோஷப்பட்டாரு தெரியுமா!" என்றார் வினோதா மேடம். "யாருக்கும் வேண்டாம்னுதான சொன்ன, வீட்டுக்காரருக்கும் வேண்டாம்னா சொன்ன? அப்புறம் நீதான அன்னைக்கு சாயங்காலம் எனக்கு அனுப்பி வச்ச?"

ஆமாம். காட்டியதோடு நிற்கவில்லை. சாயங்காலம் அவர் கேட்டார், அனுப்பினேன். கீழே ஒரு வரியும் எழுதியிருந்தேன்: 'பாருங்கள் மேடம், தொடக்கத்தில் இது இப்படித்தான் இருந்திருக்கும்.' அந்த வரியோடுதான் தெய்வசிகாமணிக்கும் போயிருக்கிறது.

ஜனவரி 24

கோகிலவாணியின் எண்ணுக்கு நான் அழைத்தால் கணவர் எடுக்கிறார். "சொல்லுங்க டீச்சர்" என்கிறார். வைத்துவிடுகிறேன். அக்காவுக்கு மட்டும் சொல்லிவிட்டேன்: புதன்கிழமை, பாதயாத்திரை முதலில் தங்கும் மண்டபத்தின் பின்பக்கம் வண்டியோடு நிற்கச் சொல்லி. அங்கிருந்து எந்த ஊருக்குக் கூட்டிப்போவார் என்று அவரும் சொன்னார். எதை நம்பிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தப் பெருவிரலைத்தான்.

ஜனவரி 28, புதன்

ஒன்றையும் விடாமல் எழுதிவைக்கிறேன்.

கூடம் முழுக்கப் பச்சை வேட்டிகள், பச்சைச் சேலைகள். நடுவில் வேல், காவடிகள், சந்தன வாசம். தெய்வசிகாமணி கற்பூரம் காட்டினார். நான் சுவரோரம் பெண்களுக்கு நடுவே நின்றேன். வெளியே மூட்டை முடிச்சு ஏற்றிய டெம்போ.

தீபாராதனை முடிந்து எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நேரம். மாராக்காதான் முதலில் பார்த்தார். "ஐயோ அம்மிணி!" என்றார்.

படியின் உச்சியில் கோகிலவாணி. குளித்து, ஈரத் தலையை முடிந்திருந்தார். கைப்பிடிச் சுவரில் ஒரு விரல்கூட வைக்கவில்லை. குதிகால், வெளி ஓரம், பெருவிரல். முதல் படி இறங்கினார்.

நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். எத்தனை வரை எண்ணினேன் என்று இப்போது நினைவில்லை.

தெய்வசிகாமணி தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டிரண்டு படியாக ஏறினார். "கோகிலா, வுழுந்துருவே, இரு, நா தூக்கறேன்" என்று இரு கைகளையும் நீட்டினார். அவர் நின்ற படி, மனைவி விழுந்த அந்தப் படியாகத்தான் இருக்க வேண்டும். கோகிலவாணியின் கண் ஒருமுறை அதன்மேல் போய் வந்தது.

"தொடாதீங்க சாமி" என்றார். கத்தவில்லை. ஆனால் கூடத்தின் கடைசிவரை கேட்டது. "மாலை போட்டிருக்கீங்க."

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. கீழே அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர், "ஆமாங்க குருசாமி, தொடக் கூடாதுங்க, தள்ளி நில்லுங்க" என்றார். தெய்வசிகாமணி சுவரோடு ஒட்டி வழிவிட்டார். கோகிலவாணி, தன் சேலை அவர்மேல் படாமல் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, அவரைத் தாண்டி இறங்கினார்.

கடைசிப் படியிலிருந்து தரைக்குக் கால் வைத்ததும் யாரோ "கந்தனுக்கு..." என்று தொடங்க, வீடே "அரோகரா" என்று அதிர்ந்தது. பெண்கள் அழுதார்கள். "குருசாமி நடந்த நடைக்குப் பலன் கெடச்சிருச்சு" என்று அவர் காலில் விழுந்தார்கள். அவர் கும்பிட்டபடி படியிலேயே நின்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. பார்வை என் பக்கம் இருந்தது.

"காலுக் குடுத்த சாமிக்கு நானும் நடந்து போயிட்டு வர்றேனுங்க. முடிஞ்ச மட்டும் நடக்கறேன், முடியலீன்னா டெம்போல வர்றேன்" என்றார் கோகிலவாணி.

யார் வேண்டாம் என்று சொல்வார்கள்? ஒரு வயதான அம்மா தன் பையிலிருந்து இன்னொரு துளசி மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டார். "செருப்பு?" என்று பழக்கத்தில் கேட்டாள் ஒரு சின்னப்பெண். "பாதயாத்திரைக்கு ஏதுடி செருப்பு!" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

கேட்டைத் தாண்டும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் சரி. பெண்கள் சுற்றிலும் நடந்தார்கள். குருசாமி வேலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக வேண்டியதாயிற்று. அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

ஜனவரி 29

மாராக்கா ஃபோன் செய்தார். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் குருசாமி வேலைச் சாத்தி வைத்துவிட்டு பஜனைக்கு உட்கார வேண்டியிருந்ததாம். பெண்கள் கால் கழுவப் பின்பக்கம் போனார்களாம். திரும்பி வந்தவர்களில் கோகிலவாணி இல்லை.

"எங்க போயிருப்பாங்க அம்மிணி? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

மாராக்காவின் மூச்சைத் தவிர அந்தப் பக்கம் இன்னொரு மூச்சும் கேட்டது.

"தெரியாதுக்கா" என்றேன்.

பிப்ரவரி 9

ஒரு புது எண்ணிலிருந்து வீடியோ. முகம் இல்லை. சிமெண்டுத் தரையில் இரண்டு பாதங்கள், நீல நிற ரப்பர் செருப்பு, புதிது. குதிகால், வெளி ஓரம், பெருவிரல். பார்த்தேன். அழித்தேன். எண்ணையும் அழித்தேன்.

பிப்ரவரி 16, திங்கள்

காலை ஆறு மணி வகுப்புக்குப் புதிதாக ஒருவர் சேர்ந்திருப்பதாக வினோதா மேடம் சொல்லியிருந்தார். என் பெயரைச் சொல்லிக் கேட்டாராம். தெய்வசிகாமணி.

மாலை இல்லை. வெள்ளை வேட்டியை மாற்றிக்கொண்டு புது டிராக் பேண்ட்டில் வந்தார். மேடையில் மல்லாந்து படுத்தார். பாதத்தைக் கட்டையில் வைக்கச் சொல்லி, ஸ்ப்ரிங்குகளை மாட்டினேன்.

"நடந்து நடந்து காலெல்லாம் வலிங்க டீச்சர்" என்றார். தள்ளினார். என் இத்தனை வருட அனுபவத்தில் அவ்வளவு வலுவான கால்களை நான் பார்த்ததில்லை.

"கோகிலாவோட அக்கா ஊடு மாத்திட்டாங்களாமா. பூட்டிக் கெடக்குது. தெரிஞ்ச ஆள வச்சுப் பாத்தேன், உங்க ஃபோன்ல இருந்து அவங்களுக்கு ரெண்டு தடவ பேச்சுப் போயிருக்குதுங்களே?" அதே மெல்லிய குரல். "கோவமில்லீங்க. அவளுக்கு மாத்திர நேரத்துக்குக் குடுக்கோணும். எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க."

"மூச்சை உள்ளே இழுங்க சார்" என்றேன். "ஒன்று, இரண்டு, மூன்று..."

மூச்சை இழுத்தார். என்னைப் பார்த்துக்கொண்டே நிதானமாக வெளியே விட்டார். வகுப்பு முடியும்வரை நான் எண்ணுவதை நிறுத்தவில்லை.

இன்று நான் சொல்லாதது: அந்த ஊரின் பெயர். இங்கேயும் எழுதவில்லை.

பிப்ரவரி 17

அவர் இன்றும் வந்தார்.